கடற்கரையில் தொடங்காதீர்கள்: பழைய புதுச்சேரியை ஒரே நாளில் நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

"மாமா, அந்த மஞ்ச சுவரு எங்க இருக்கு?"

லீவுக்கு வரும் அக்கா பிள்ளைகள் பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்கும் கேள்வி இது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஊரைப் பார்க்கும் முறையே அப்படித்தான் இருக்கிறது. கடற்கரையில் வண்டியை நிறுத்துவார்கள். காந்தி சிலைக்கு முன்னால் ஒரு படம், துய்மா வீதியில் மஞ்சள் சுவரில் சாய்ந்து ஒரு படம், காகிதப்பூக் கொடிக்குக் கீழே ஒரு படம். பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியதும் ஏசி போட்ட காபிக் கடைக்குள் நுழைந்துவிட்டால், ஊர் முடிந்தது.

முத்தியால்பேட்டையில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இந்த ஊரைக் கடற்கரையிலிருந்து பார்க்கத் தொடங்கக் கூடாது. மேற்கே பெரிய மார்க்கெட்டில் காலையில் தொடங்கி, பெரிய வாய்க்காலைத் தாண்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடலுக்கு வந்து சேர வேண்டும். காலையில் தமிழர் பகுதியில் ஊர் விழித்திருக்கும், மதியத்துக்கு மேல் கடல் காற்று வீசத் தொடங்கும். ஆகவே உடம்புக்கும் இந்த வழிதான் தோது. பிரெஞ்சுப் பகுதி யார் காசில், யார் வியாபாரத்தில், யாருடைய மொழிபெயர்ப்பில் நின்றது என்பதும் இந்த வரிசையில் போனால்தான் விளங்கும். மொத்தம் ஆறேழு கிலோமீட்டர் நடை. நடுவில் நல்ல சாப்பாடும் ஒரு குட்டித் தூக்கமும் உண்டு.

கிளம்பும் முன்

மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் வருவதென்றால் பத்து மணிக்கு மேல் வெளியே நடக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், கீழே சொல்கிறேன்.

கிழமை முக்கியம். திங்கட்கிழமை அரசு அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட் விரிந்துவிடும். பழைய புத்தகம், சட்டை, பாத்திரம் என்று கிளறுவதற்கு அது அருமையான நாள், வீடுகளைப் பார்ப்பதற்கு மோசமான நாள். செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள் வாருங்கள்.

கழற்றி மாட்ட எளிதான செருப்பு, தண்ணீர், குடை. ஷூ போட்டு வந்தால் ஒவ்வொரு கோயில் வாசலிலும் குனிந்து நிமிர்ந்தே நாள் போய்விடும்.

வரைபடத்தை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்

பழைய புதுச்சேரி ஒரு முட்டை வடிவம். அதைச் சுற்றி ஓடும் பெரிய சாலைகளை ஊர்க்காரர்கள் புல்வார் என்பார்கள். பழைய மதில் நின்ற வரிசைதான் அது. கிழக்கே கடல். நடுவே வடக்கு தெற்காக ஒரு சாக்கடை ஓடுகிறது. அதற்குப் பெரிய வாய்க்கால் என்று கம்பீரமான பெயர். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டியிருக்கும், ஆனால் ஊரின் கதையே அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது. அதற்குக் கிழக்கே இருந்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளை ஊர் என்றார்கள், மேற்கே இருந்ததைக் கறுப்பு ஊர் என்றார்கள்.

தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். எல்லாரும் இதைப் பிரெஞ்சுக்காரன் மூளை என்று புகழ்வார்கள். உண்மையில் இந்தக் கட்டம் போட்ட திட்டம் டச்சுக்காரர்கள் காலத்தது. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து ஆறு வருஷம் வைத்திருந்தார்கள். அவர்கள் வரைந்த வரைபடங்களிலேயே நேர் தெருக்கள் இருக்கின்றன. 1761இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதே கோடுகளின் மேல் மறுபடி கட்டினார்கள். ஆகவே "முந்நூறு வருஷத்துக் கட்டடம்" என்று யாராவது ஒன்றைக் காட்டினால் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டுங்கள். இன்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பகுதி 1765க்குப் பிறகு எழுந்தது.

இன்னொரு சின்ன விஷயம். இங்கே தெரு என்பதைவிட வீதி என்பதுதான் பெயர்ப்பலகை வழக்கம். வழி கேட்கும்போது "மிஷன் வீதி", "ரங்கப்பிள்ளை வீதி" என்றே கேளுங்கள்.

காலை ஆறரை: பெரிய மார்க்கெட்

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிறது. பலகையில் குபேர் அங்காடி என்று இருக்கும். இதில் பணக் கடவுளுக்குப் பங்கில்லை. எதுவார் குபேர் என்ற புதுச்சேரி அரசியல்வாதியின் பெயர் அது. 1963இல் முதலமைச்சராகவும் ஆனார். பிரெஞ்சுப் பெயர் தமிழ் வாயில் விழுந்து குபேரனாகிவிட்டது. ஒரு சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பூக்கடைப் பக்கமாக நுழையுங்கள். ஈரச் சாக்கின் மேல் மல்லியும் சாமந்தியும் மலையாகக் கிடக்கும். கனகாம்பரம் ஒரு முழம் வாங்குங்கள். முழங்கையை நீட்டி அளக்கும்போது அந்த அம்மாவின் கை கடைசி அரை விரல்கடையைத் தாராளமாக விடும் அல்லது விடாது. அதிலிருந்தே வியாபாரம் எப்படி என்று தெரிந்துவிடும். அப்புறம் மீன் பக்கம். வஞ்சிரம், சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி. அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேசும் வேகத்துக்கு நம் காது பழகக் கொஞ்ச நேரமாகும். முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். "ஒரு போட்டோ எடுத்துக்கவா அக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். மீதிப் பேர் "மீன வாங்கிட்டு எடு" என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

இந்த மார்க்கெட்டை இடித்துக் கட்டுவது பற்றிய பேச்சு வருஷக்கணக்காக நடக்கிறது, கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். முதல் வேலையாக இதைப் பார்த்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியே வந்ததும் எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கே இட்லி சாப்பிடுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை.

ரங்கப்பிள்ளை வீடு: வாசலில் ஐந்து நிமிஷம்

மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில், கடைகளின் பிளக்ஸ் பலகைகளுக்கு நடுவே ஒரு பழைய மாளிகை நிற்கிறது. 1738இல் கட்டியது. 1761இன் இடிப்புக்கு முந்தைய புதுச்சேரியில் மிஞ்சியது மிகச் சொற்பம், அதில் இது ஒன்று. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பிய பாணியில் வெள்ளைத் தூண்கள். உள்ளே போக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பாருங்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்தபோது அவருக்குத் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம், ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. துணி வியாபாரம், கடன், நவாபுகளுக்குக் கடிதம், யாரை உள்ளே விடுவது யாரை வாசலில் நிறுத்துவது, எல்லாம் அவர் வழியாகத்தான் நடந்தது. 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயரிடம் விழச் சில நாட்களே இருக்கும்போது இறந்துபோனார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் பெண்சாதி என்ன சொன்னாள் என்று பேச்சுத் தமிழில் அப்படியே எழுதி வைத்தார். இன்று கடற்கரையின் தெற்குக் கோடியில் சிலையாக நிற்பவர் துய்ப்ளேக்ஸ். அவர் ஆட்சியின் உள்விவகாரம் நமக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த வீட்டுக்காரர் வழியாகத்தான்.

வைசியாள் வீதி: ஒரு வீட்டை எப்படி வாசிப்பது

நேரு வீதியைத் தாண்டி வடக்கே போங்கள். கல்வே சுப்பராய செட்டியார் வீதி என்று பலகையில் இருக்கும், வைசியாள் வீதி என்றால்தான் ஊருக்குத் தெரியும். இந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சேர்த்துச் சீரமைத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இந்த ஒரு வீதிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

நடக்கும்போது வீட்டைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் தாழ்வாரம். வீட்டு முகப்பிலிருந்து தெருவை நோக்கிச் சாய்ந்து இறங்கும் நாட்டு ஓட்டுக் கூரை, அதைத் தாங்கும் மரத்தூண்கள். ஒரு காலத்தில் வரிசையாக எல்லா வீட்டுக்கும் இது இருந்ததால், தெரு முனையிலிருந்து மறுமுனை வரை நிழலிலேயே நடந்து போகலாம். மழை வந்தாலும் நனைய வேண்டாம். வாகனம் பெருகியதும் ரோட்டை அடைக்கிறது என்று பலவற்றை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் வெயிலில் காய்கிறது.

தாழ்வாரத்துக்கு உள்ளே திண்ணை. அப்புறம் நிலை, கதவு. நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமியோ கொடியோ செதுக்கியிருக்கும். கதவு திறந்திருந்தால் நேரே முற்றம் வரை கண் போகும். இது வரைக்கும் அசல் தமிழ் வீடு. இப்போது மாடியைப் பாருங்கள். வளைவு வைத்த ஜன்னல்கள், சாய்சட்டம் போட்ட மரக் கதவுகள், சுண்ணாம்பில் இழைத்த அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவரில் குண்டு குண்டாகக் கட்டைத்தூண்கள். மாடி பிரெஞ்சு. கீழே குடும்பமும் சாமியும் சடங்கும் இருந்த இடத்திலேயே இருந்தன, பணமும் மோஸ்தரும் மாடி ஏறின. அந்தப் பணத்துக்குத் துணி வியாபாரம் பெரிய காரணம். இங்கே சாயம் தோய்த்த நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போய், அங்கே காசு மாதிரியே செலாவணியானது.

சீரமைத்த வீட்டுக்கும் பழசு மாதிரி வேஷம் போட்ட வீட்டுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வழி சொல்கிறேன். சுண்ணாம்புச் சுவர் சரியான சமதளமாக இருக்காது. சாய்வெயிலில் லேசாக அலையடிக்கும், மூலைகள் கூராக இல்லாமல் மழுங்கியிருக்கும். சிமென்ட் சுவர் ஸ்கேல் வைத்த மாதிரி நிற்கும். தாழ்வாரத்தில் நின்று மேலே பார்த்தால், பழைய கட்டடத்தில் மர விட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கியிருப்பது சில இடங்களில் தெரியும்.

திண்ணை எதற்கு என்று எனக்குப் புரிந்த கதை இது. ஒரு வைகாசி மாதம் அக்கா குடும்பத்தோடு பதினோரு மணிக்கு இந்தப் பக்கம் வந்தேன். "இன்னும் ரெண்டே வீதி" என்று நான் சொல்லிக்கொண்டே முன்னால் போக, மாமா சத்தமில்லாமல் பின்னால் நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தால் முகம் வெளிறி, சட்டை நனைந்து, ஒரு வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்படியே திண்ணையில் சரிந்தார். கதவு திறந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். யார் என்ன என்று ஒரு கேள்வி இல்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, பனையோலை விசிறி.

"மன்னிச்சுக்குங்கம்மா, கேக்காம உக்காந்துட்டோம்" என்றாள் அக்கா.

"திண்ண அதுக்குத்தான இருக்குது? உள்ள வந்தாத்தான் கேக்கணும்."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திண்ணைச் சிமென்ட் தரை பாத்திரம் மாதிரி வழவழப்பாகவும் ஜில்லென்றும் இருந்தது. ஓரத்தில் பல்லாங்குழிக்கென்று வெட்டிய பதினான்கு பள்ளங்கள், ஒன்றில் யாரோ போட்ட புளியங்கொட்டை இன்னும் கிடந்தது. வெயில் தாழ்வாரத்து விளிம்போடு நின்றுவிட்டது. எங்கள் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் தெரு கொதித்துக்கொண்டிருந்தது.

இந்த வீதியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து இறங்கினார். ஆங்கிலேயர் தேடிக்கொண்டிருந்த மனிதர். முதல் ஆறு மாதம் அவரை மாடியில் வைத்துக் காத்தவர் கல்வே சங்கர செட்டியார். வீடு இங்கே, அப்போதைய கோமுட்டித் தெருவில். சாயங்காலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆசிரமத்தில் வரிசையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கவிஞர்கள், இரண்டு வீதிகள்

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் நினைவு இல்லம். 1908இல் சென்னையில் கைதுக்கு ஆளாகும் நிலை வந்து இங்கே வந்தவர், 1918 வரை பத்து வருஷம் இருந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றும் இந்தப் பத்து வருஷத்தின் விளைச்சல். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில், ஒற்றர்கள் தெருமுனையில் நிற்க, கையில் காசில்லாமல் எழுதியவை. வாடகை கேட்க வந்த விளக்கெண்ணெய் செட்டியார், பாட்டைக் கேட்டுவிட்டு வாடகையைக் கேட்காமலே போவார் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், அப்படி ஒரு செட்டியார் அகப்படுகிறாரா என்று.

பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் நினைவில்லம். 1891இல் இந்த ஊரிலேயே பிறந்தவர். கையெழுத்துப் படிகளும் பழைய புகைப்படங்களும் இருக்கின்றன. சின்ன இடம், அரை மணி போதும்.

மிஷன் வீதி வழியாகத் தெற்கே: சம்பா கோயில்

மிஷன் வீதியில் திரும்பித் தெற்கே நடந்தால் ஜென்மராக்கினி மாதா பேராலயம். ஊர்ப் பெயர் சம்பா கோயில். சேசு சபையாரின் பழைய புனித பவுல் ஆலயத்தின் பெயர்தான் நாக்கில் புரண்டு சம்பாவாகிவிட்டது. இப்போதைய கட்டடம் 1791இல் முடிந்தது. முகப்பில் இரட்டைத் தூண்களின் நிழல் காலை ஒன்பது மணி வாக்கில் நன்றாக விழும்.

இதன் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் நின்றது. 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது, அதைச் சாக்காக வைத்து அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. பாதிரிமாரும் துய்ப்ளேக்ஸின் மனைவியும் எப்படிப் பின்னால் இருந்தார்கள் என்பதையும், ஊர்த் தமிழர்கள் என்ன பட்டார்கள் என்பதையும் ரங்கப்பிள்ளை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கவர்னரின் சம்பளக்காரராகவும் இருந்துகொண்டு, இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டியிருந்த மனிதர். இன்றைய வேதபுரீசுவரர் கோயில் ஈசுவரன் கோயில் வீதியில் பிறகு எழுந்தது. நீங்கள் சற்று முன் அந்தப் பக்கம்தான் போய்விட்டு வந்தீர்கள்.

இன்னும் தெற்கே போனால் முஸ்லிம்கள் வாழும் வீதிகள். காஜியார் வீதி, முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல். செதுக்கிய கதவுகளையும் மாடி முன்னறைகளையும் பார்த்தபடி மெதுவாக ஒரு சுற்று போதும். தொழுகை நேரத்தில் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம்.

மதியம்

சாப்பிடுங்கள், படுங்கள். மூன்று மணி வரை எதுவும் பார்க்காதீர்கள். கிறித்தவக் குடும்பங்களின் சமையல் கிடைக்கும் இடம் அமைந்தால் விடாதீர்கள். வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் போட்டு இடித்து உருட்டிக் காயவைத்த நம் வடகம், பிரான்சுக்குப் போய் வாதுவானாகி அங்கே சமையற்காரர்கள் கொண்டாடும் மசாலாவாகிவிட்டது. இங்கே அது இன்னும் மீன் குழம்பில்தான் தாளிக்கப்படுகிறது. கிறிஸ்துமஸ் சமயம் என்றால் ரவையும் முந்திரியும் போட்ட விவிகம் கேக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றரை மணி: வாய்க்காலைத் தாண்டுதல்

தாண்டியதும் என்ன மாறுகிறது என்று கவனியுங்கள். திண்ணை காணாமல் போகும். இரண்டு ஆள் உயரத்துக்கு மதில், அதில் ஒரு பெரிய கதவு, மேலே எட்டிப் பார்க்கும் காகிதப்பூ. வீடு உள்ளே தோட்டத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது, தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது. நீங்கள் படம் எடுக்க ஆசைப்பட்ட மஞ்சள் சுவர் இந்த முதுகுதான். அழகான முதுகு, சந்தேகமில்லை. உட்காரத்தான் இடம் தராது. மரங்கள் நிழல் தருவதால் பிழைத்தோம்.

நிறத்தை வைத்துக் கட்டடத்தை இனம் காணலாம். மஞ்சளும் வெள்ளையும் பிரெஞ்சுக் கால வீடுகளும் அலுவலகங்களும். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கரை போட்டிருந்தால் அநேகமாக ஆசிரமத்துக் கட்டடம்.

நாலு மணிக்கு மணக்குள விநாயகர் கோயில் நடை திறக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோயில். மணல் நிறைந்த குளக்கரை என்பதால் மணற்குளம், மணக்குளம். வாசலில் நின்று தலையில் தும்பிக்கை வைத்து ஆசி தந்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30 காலை நடைக்குப் போன இடத்தில் சரிந்து விழுந்து இறந்தாள். ஊரே அழுதது. வந்தவர்கள் இன்னும் அவளைக் கேட்கிறார்கள்.

பக்கத்தில் அரவிந்தர் ஆசிரமம். போனை அணைத்துவிட்டு, பேசாமல், மரத்தடியில் பூப்போட்ட சமாதியைச் சுற்றி வர வேண்டும். ஆறு மணிக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து துப்புய் வீதியில் கோல்கொந்த் என்ற விடுதியை வெளியிலிருந்தே பாருங்கள். 1930களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. சுவர் முழுக்கத் திறந்து மூடும் காங்கிரீட் பட்டைகள், மின்விசிறிகூடத் தேவைப்படாத கட்டடம். மாடி ஜன்னல்களின் சாய்சட்டத்தைக் காலையில் பார்த்தோமே, அதே யுக்திதான்.

அடுத்து பாரதி பூங்கா. நடுவே ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊருக்கு வந்ததன் நினைவு. கதை இப்படிப் போகும்: கிருஷ்ணதேவராயர் உழவர்கரை வழியாகப் போனபோது விளக்கொளி தெரிந்த மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். அவள் கெஞ்சி, தானே இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாள். மண்டபத்துக்கு அவள் பெயரே நின்றது. ராஜாவுக்கும் கவர்னருக்கும் நடுவில் ஒரு தாசியின் பெயர் அரசுச் சின்னத்தில் ஏறியிருப்பது எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகம், அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் ஓடுகளும். இல்லாவிட்டால் சேன் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். 1955இல் தொடங்கியது. உள்ளே ஆயிரக்கணக்கான சைவ ஆகம ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிய தொகுப்பு. வெளியே பார்த்தால் வெள்ளைக்கார மாளிகை, அலமாரியைத் திறந்தால் ஓலை.

அங்கிருந்து ரோமன் ரோலண்ட் வீதி வழியாகத் தெற்கே வந்து துய்மா வீதியில் திரும்புங்கள். மஞ்சள் சுவர்ப் படத்துக்கு இதுதான் நேரம். ஐந்து மணி வாக்கில் மேற்கு வெயில் கிழக்குச் சாரிச் சுவர்களில் விழும்போது நிறம் மாம்பழமாக மாறும். காலையில் வந்தவர்களுக்கு இது கிடைக்காது. வீட்டு வாசற்படியில் ஏறி நின்று எடுக்காதீர்கள், உள்ளே ஆள் இருக்கிறார்கள்.

துய்மா வீதியிலேயே தேவதைகளின் அன்னை ஆலயம், 1855இல் கட்டியது. கப்புச்சின் துறவிகளின் கோயில் என்பதால் ஊருக்கு இது கப்ஸ் கோயில். உட்சுவர் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்பார்கள், கை வைத்தால் பளிங்கு மாதிரி வழுக்கும். ஞாயிறு காலை பிரெஞ்சிலும் பூசை உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தாக்களின் குடும்பங்களை அப்போது பார்க்கலாம்.

ஆறு மணி: கடல்

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், மறுநாள் காலை ஏழரை வரை. கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர், முழுக்க நடப்பவர்களுக்கு. 1836இல் முதன்முதல் எரிந்த பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் எட்டுக் கல்தூண்களுக்கு நடுவே காந்தி, எல்லாம் வரிசையாக வரும். மேரி கட்டடத்தை மட்டும் நின்று பாருங்கள். மேரி என்றால் மாதா அல்ல, நகராட்சி மன்றத்துக்குப் பிரெஞ்சுச் சொல். 1870களில் கட்டியது 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழைய படங்களைப் பார்த்து அதே மாதிரி திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். காலையில் சொன்ன சுவர்ப் பரிசோதனையை இங்கே செய்து பார்க்கலாம்.

மணல் எங்கே என்று கேட்பீர்கள். 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியதும் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் வழியில் நின்றுவிட்டது, இங்கே கரை அரித்துப் போனது. அதைத் தடுக்கத்தான் கருங்கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் செயற்கைத் தடுப்பு போட்டதில் தலைமைச் செயலகத்துப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கல்லின் மேல் ஏறிக் குதிக்க வேண்டாம், பாசி வழுக்கும்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டு முடிக்கும்போது ஏழரை ஆகியிருக்கும். ஆட்டோ இந்தச் சாலைக்குள் வராது. புசி வீதி முனை வரை நடந்து அங்கே ஏறுங்கள், ஏறும் முன்னாலேயே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் வாங்கிய கனகாம்பரம் இந்நேரம் வாடியிருக்காது. வாசனை இல்லாத பூ என்றாலும் நாள் முழுக்கத் தாங்கும்.